பாறைக் கடிகாரமும் பன்றிப் பல்லும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது.

மூணு வாரத்துக்கு முன்னாடி டைனோசர் பத்திப் பேசினப்போ, பேச்சோட பேச்சா ஒரு வரி சொல்லிட்டேன். "எலும்பை கார்பன் டேட்டிங் பண்ணி, 6 கோடியே 60 லட்சம் வருஷம்னு கண்டுபிடிச்சாங்க." ரெண்டு நாள் கழிச்சு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. ஜியாலஜி கடைசி வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி. "அண்ணா, டைனோசருக்கு கார்பன் டேட்டிங் வேலைக்கே ஆகாதுண்ணா. அம்பதாயிரம் வருஷத்துக்கு மேல அதால பார்க்க முடியாது."

உண்மையைச் சொல்லணும்னா, அதைக் கேட்டதும் நான் பண்ண முதல் காரியம் நன்றி சொன்னது இல்ல. லேப்டாப்பைத் திறந்து, நான் சொன்னது எப்படியாவது சரியா இருக்காதான்னு அரை மணி நேரம் தேடினேன். இல்ல. அவங்க சொன்னதுதான் சரி.

சரி, திருத்தம் போட்டேன். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயும் பகிர்ந்தேன். உடனே சித்தப்பா: "டேய், நீயும் மாத்திப் பேசுற, உங்க விஞ்ஞானிகளும் நாளுக்கொரு வயசு சொல்றாங்க. எதைத்தான்டா நம்புறது?"

கிண்டலாத்தான் கேட்டார். ஆனா கேள்வி நியாயமானது. ஒரு ஃபாசிலோட வயசு இன்னைக்கு 26 லட்சம், நாளைக்கு 19 லட்சம்னு மாறுச்சுன்னா, அந்தக் கணக்கை எதுக்கு நம்பணும்? நான் சும்மா எடுத்துக்காட்டுக்குச் சொல்லல. நிஜமாவே 26 லட்சம் 19 லட்சமா மாறின ஒரு கதை இருக்கு. கென்யாவுல நடந்தது. பத்து வருஷம் சண்டை போட்டாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

அதுக்கு முன்னாடி, அரை ஆயுட்காலம்னா என்னன்னு ஒரு ரெண்டு நிமிஷம்.

பூவா, தலையா

காலேஜ் ஆடிட்டோரியத்துல ஆயிரம் பேர் நிக்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு ரூபாய் நாணயம். நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் சுண்டணும். பூ விழுந்தா உட்கார்ந்துடணும். தலை விழுந்தா நிக்கலாம், அடுத்த நிமிஷம் திரும்ப சுண்டலாம்.

முதல் நிமிஷம் முடிஞ்சதும் கிட்டத்தட்ட 500 பேர் நிப்பாங்க. அடுத்தது 250. அப்புறம் 125. யார் எப்போ உட்காருவாங்கன்னு உங்களால சொல்லவே முடியாது. ஆனா கூட்டத்துல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பார்த்து, ஆட்டம் ஆரம்பிச்சு எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு சொல்லிடலாம். லேட்டா உள்ள வந்தவன்கூட எட்டிப் பார்த்துட்டு, "125 பேர் நிக்கிறாங்க, அப்போ மூணு நிமிஷம்"னு சொல்லிடுவான்.

கதிரியக்க அணுக்கள் பண்றது இதேதான். பாதி அணுக்கள் சிதைய எடுத்துக்கிற நேரம்தான் அரை ஆயுட்காலம். பாறைக்குள்ள சூடு ஏறினாலும், அழுத்தம் கூடினாலும், ரசாயன வினை நடந்தாலும், அந்த வேகம் சொல்லும்படியா மாறாது. அணுக்கருவுக்குள்ள நடக்கிற விஷயம் அது. வெளியில நடக்கிற கலாட்டா அதுக்கு எட்டாது.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. எட்டிப் பார்த்து கணக்குப் போட்டவனுக்கு ரெண்டு தகவல் தேவைப்பட்டுச்சு. ஆரம்பத்துல ஆயிரம் பேர் இருந்தாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். நடுவுல யாரும் வெளிய போகல, வெளியாள் யாரும் உள்ள வரலன்னும் தெரிஞ்சிருக்கணும். பின்னாடி நடக்கப் போற மொத்தச் சண்டையும் இந்த ரெண்டாவது விஷயத்துலதான் இருக்கு.

நான் எங்கே தப்பு பண்ணேன்

கார்பன் டேட்டிங்னு நம்ம ஊர்ல பல பேர் கேள்விப்பட்டது கீழடியாலதான். அங்க குழியில கிடைச்ச கரித்துண்டுகளை அமெரிக்காவுல ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த ஒரு மாதிரி கி.மு. 580ன்னு வந்துச்சு.

அது எப்படி வேலை செய்யுது? காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்துல நைட்ரஜனை மோதி, கார்பன்-14ஐ உருவாக்கிக்கிட்டே இருக்கு. செடி அதைக் காத்துலேர்ந்து எடுக்குது, நாம செடியைச் சாப்பிடுறோம். உயிரோட இருக்கிற வரைக்கும் வரவு செலவு சமமா போகுது. செத்ததும் வரவு நின்னுடுது. அந்த நிமிஷத்துலேர்ந்து நாணயம் சுண்ட ஆரம்பிக்குது. அரை ஆயுட்காலம் 5,730 வருஷம். 1940களோட கடைசியில வில்லர்ட் லிபி இதைக் கண்டுபிடிச்சார். 1960ல அதுக்கு நோபல் பரிசு கிடைச்சது.

2,600 வருஷப் பழைய கரித்துண்டுன்னா, ஆரம்பத்துல இருந்த கார்பன்-14ல சுமார் 73 சதவீதம் இன்னும் மிச்சம் இருக்கும். அளக்கத் தாராளமா போதும். மர வளையங்களோட ஒப்பிட்டு ஒரு திருத்தமும் போடுவாங்க, ஏன்னா காத்துல கார்பன்-14 எல்லா நூற்றாண்டுலயும் ஒரே அளவுல இருந்ததில்ல.

இப்போ டைனோசருக்கு வருவோம். பத்து அரை ஆயுட்காலம், அதாவது 57,300 வருஷம் போனா, ஆயிரத்துல ஒரு பங்குதான் மிச்சம். கருவியால அதுக்கு மேல பிடிக்க முடியாது. 6.6 கோடி வருஷத்துக்கு எத்தனை அரை ஆயுட்காலம்? பதினோராயிரத்துக்கும் மேல.

இது எவ்வளவு அபத்தம்னு நானே ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்தேன். நாம பார்க்க முடிஞ்ச பிரபஞ்சத்துல இருக்கிற மொத்த அணுக்கள், ஒண்ணு போட்டு 80 சைபர்னு தோராயமா சொல்வாங்க. அது அத்தனையும் கார்பன்-14னே வெச்சுக்கோங்க. பாதிப் பாதியா குறைச்சுக்கிட்டே போனா, 266 தடவையில ஒரே ஒரு அணுவுக்கு வந்து நிக்கும். வருஷத்துல சொன்னா 15 லட்சம் சொச்சம். மொத்தப் பிரபஞ்சமே 15 லட்சம் வருஷத்துல தீர்ந்து போகுதுன்னா, 6.6 கோடி வருஷப் பழைய எலும்புல என்ன இருக்கும்? இதைத்தான் நான் மைக் முன்னாடி உட்கார்ந்து தைரியமா சொல்லியிருக்கேன்.

பழைய பேப்பர் கட்டு

அப்போ பழைய ஃபாசிலுக்கு எப்படித்தான் வயசு சொல்றாங்க? பெரும்பாலும் ஃபாசிலை அளக்கிறதே இல்ல. அது கிடந்த இடத்தை அளக்கிறாங்க.

வீட்டுல பழைய பேப்பர் கட்டு இருக்கும் இல்லையா, கடைக்காரருக்குப் போடுறதுக்கு அடுக்கி வெச்சது. அதுக்குள்ள தேதி போடாத ஒரு ரசீது கிடைக்குது. அதுக்குக் கீழ மார்ச் 3 பேப்பர், மேல மார்ச் 9 பேப்பர். கட்டை யாரும் கலைக்கலன்னா, அந்த ரசீது அந்த வாரத்துல உள்ள வந்ததுதான். ரசீதைத் தொடவே வேண்டாம்.

பூமியில அந்தத் தேதி போட்ட பேப்பர், எரிமலைச் சாம்பல். எரிமலை வெடிச்சு சாம்பல் ஒரு படலமா ஊரெல்லாம் படியுது. அதுக்குள்ள இருக்கிற படிகங்கள்ல பொட்டாசியம் இருக்கு. பத்தாயிரம் பொட்டாசியம் அணுவுல தோராயமா ஒண்ணு பொட்டாசியம்-40. அதோட அரை ஆயுட்காலம் 125 கோடி வருஷம். அது சிதையும்போது நூறுல சுமார் 89 கால்சியமா மாறும், மீதி 11 ஆர்கான் வாயுவா மாறும். கால்சியம் பாறையில ஏற்கெனவே நிறைய கிடக்கு, புதுசு எது பழசு எதுன்னு தெரியாது. ஆர்கான் அப்படி இல்ல. அது யாரோடயும் சேராத வாயு. பாறை உருகிக் கொதிக்கும்போது அது தப்பிச்சு ஓடிடும். குளிர்ந்து படிகம் ஆனதுக்கு அப்புறம் உள்ள பிறக்கிற ஆர்கான் மாட்டிக்கும்.

ஆக, எரிமலை வெடிக்கிறது கடிகாரத்தை சைபருக்கு ரீசெட் பண்ற மாதிரி. அப்புறம் படிகத்தை உருக்கி உள்ள எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்குன்னு பார்த்தா, எத்தனை வருஷம்னு கணக்கு வந்துடும்.

கேட்க எளிமையா இருக்கு. இப்போ கென்யாவுக்குப் போவோம்.

26 லட்சம்

கென்யாவோட வடக்குல துர்கானா ஏரி. அந்தக் காலத்துல ருடால்ஃப் ஏரின்னு பேர். அதோட கிழக்குக் கரையில கூபி ஃபோரான்னு ஒரு இடம். ரிச்சர்ட் லீக்கியோட குழு அங்க மனித இனத்தோட முன்னோர்களைத் தேடிக்கிட்டு இருந்துச்சு. 1969ல, அந்தக் குழுவுல இருந்த கே பெஹ்ரன்ஸ்மேயர்ங்கிற இளம் புவியியலாளர், ஒரு சாம்பல் படலத்துல கல் கருவிகளைப் பார்த்தார். அந்த இடத்துக்கு அவர் பேரையே வெச்சு, அந்தப் படலத்தை கே.பி.எஸ். டஃப்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. டஃப்னா எரிமலைச் சாம்பல் இறுகின பாறை.

மாதிரி பிரிட்டனுக்குப் போச்சு. ஃபிச், மில்லர்னு ரெண்டு ஆய்வாளர்கள் அளந்தாங்க. முதல் முயற்சியில வந்த விடை 20 கோடி வருஷத்துக்கும் மேல! கல் கருவி பக்கத்துல 20 கோடியா? டைனோசர் காலம் அது. பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு, சாம்பலோட பழைய பாறைத் துகள்கள் கலந்திருக்குன்னு. ஏன்னா அந்தச் சாம்பல் நேரா வானத்துலேர்ந்து விழுந்து அப்படியே கிடந்தது இல்ல. ஆறு அதை அடிச்சுக்கிட்டு வந்து சேர்த்திருக்கு. வர்ற வழியில பழைய மண்ணையும் அள்ளிட்டு வந்திருக்கு.

நல்ல படிகங்களாப் பொறுக்கி எடுத்து மறுபடி அளந்தாங்க. இந்தத் தடவை 26.1 லட்சம், கூட்டியோ குறைச்சோ 2.6 லட்சம். 1970ல நேச்சர் இதழ்ல வெளியாச்சு. இது நம்பும்படியா இருந்துச்சு.

1972ல பெர்னார்ட் ங்கெனியோ அந்தப் படலத்துக்குக் கீழ இருந்த அடுக்குல எலும்புத் துண்டுகளைப் பார்த்தார். 150க்கும் மேல துண்டுகள். மீவ் லீக்கியும் மத்தவங்களும் அதை ஜிக்சா மாதிரி ஒட்டிச் சேர்த்தாங்க. வந்தது ஒரு மண்டை ஓடு. அருங்காட்சியகப் பதிவு எண் 1470. மூளை அளவு 700 கன சென்டிமீட்டருக்கு மேல. அந்தக் காலத்து ஆஸ்ட்ரலோபித்தகஸ் வகைகளோட ஒப்பிட்டா ரொம்பப் பெருசு.

மேல இருக்கிற பேப்பர் 26 லட்சம்னா, கீழ கிடந்த ரசீது அதைவிடப் பழசு. 29 லட்சம்னு அறிவிச்சாங்க. உலகம் முழுக்கப் பரபரப்பு. அவ்வளவு பழைய காலத்துலயே பெரிய மூளையோட மனித இனம் இருந்திருந்தா, நாம முன்னோர்னு நினைச்ச மத்த இனங்களைக் குடும்ப மரத்துலேர்ந்தே தள்ளி வெக்கணும். ஒரு எண்ணு மேல மனித வரலாறே நின்னுச்சு.

பன்றிகள் ஒத்துக்கல

அதே ஏரிப் படுகையோட வடக்குப் பக்கம், எத்தியோப்பியாவுல ஓமோ பள்ளத்தாக்கு. அங்க வேற குழு வேலை செஞ்சுது. அங்கயும் எரிமலைச் சாம்பல் படலங்கள், ஒண்ணு மேல ஒண்ணா, வயசு நல்லா அளந்து வெச்சது. ரெண்டு இடத்துலயும் பன்றி ஃபாசில்கள் ஏராளம்.

பன்றிகள் வேகமா மாறின விலங்கு. குறிப்பா ஒரு இனத்துல கடைசிக் கடைவாய்ப்பல் காலம் போகப் போக நீளமாகிட்டே வந்துச்சு. அப்போ பல்லோட நீளமே ஒரு காலண்டர். பேசில் குக்ங்கிற பன்றி நிபுணர் ரெண்டு இடத்துப் பற்களையும் ஒப்பிட்டார். கே.பி.எஸ். படலத்துக்குக் கீழ கிடந்த பன்றிகள், ஓமோவோட 20 லட்சம் வருஷ அடுக்குல இருந்த பன்றிகளோட பொருந்துச்சு. 26 லட்சத்தோட பொருந்தல.

இந்த இடத்துல உங்களை வெச்சு யோசிங்க. ஒரு பக்கம் அணு இயற்பியல், நேச்சர் இதழ், தசம புள்ளி வரைக்கும் எண். இன்னொரு பக்கம் பன்றிப் பல். நீங்க யாரை நம்பியிருப்பீங்க? நான் கண்டிப்பா இயற்பியல் பக்கம் நின்னிருப்பேன். கூபி ஃபோரா குழுவும் அங்கதான் நின்னுச்சு. ரெண்டு இடத்துச் சூழலும் வேற, அதனால பன்றிகள் இங்க முன்னாடியே மாறியிருக்கலாம்னு ஒரு விளக்கம் சொன்னாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு.

1975ல பெர்க்லியில கார்னிஸ் கர்ட்டிஸ் குழு அதே சாம்பலை அளந்து, ஒரு தொகுதி மாதிரிகளுக்கு 18.2 லட்சம், இன்னொரு தொகுதிக்கு 16 லட்சம்னு சொல்லிச்சு. அது ரெண்டு தனித்தனிப் படலமா இருக்கலாம்னு நினைச்சாங்க. குழப்பம் கூடிச்சு.

1976ல ஒரு பெரிய திருப்பம். முற்றிலும் வேற முறை ஒண்ணு களத்துக்கு வந்துச்சு, பிளவுத்தட முறை. சிர்கான் படிகத்துக்குள்ள இருக்கிற யுரேனியம் அப்பப்போ தானாப் பிளக்கும். பிளக்கும்போது படிகத்துல ஒரு கீறல் விழும். அந்தக் கீறல்களை அமிலம் மாதிரி ரசாயனத்தால பெருசாக்கி, மைக்ராஸ்கோப்புல எண்ணணும். எத்தனை கீறலோ அவ்வளவு வயசு. விடை என்ன தெரியுமா? 24.4 லட்சம். அதே வருஷம் ஃபிச், மில்லர் குழுவும் தங்களோட எண்ணைத் திருத்தி 24.2னு சொல்லியிருந்தாங்க.

ரெண்டு முறை, ஒரே விடை. கேஸ் முடிஞ்சுது இல்லையா?

முடியல. ரெண்டுமே தப்பு.

ரெண்டு டெஸ்ட்டும் பாஸ்

இதைப் படிச்சப்போ எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சு. போன வருஷம் விற்பனை நேரம் காட்டுற ஒரு ரிப்போர்ட் எழுதினேன். ரெண்டு டெஸ்ட் எழுதினேன், ரெண்டும் பச்சை. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வாடிக்கையாளர், "காலையில ஆறு பத்துக்கு எங்க கடையே திறக்காதுங்க"ன்னு சொன்னார். நான் நம்பல. ரெண்டு டெஸ்ட்டும் பாஸ் ஆகுதே! அவர் ஒரு காகித பில்லை போட்டோ எடுத்து அனுப்பினார். பதினொண்ணு நாற்பது. சரியா அஞ்சரை மணி நேர வித்தியாசம். நான் நேர மண்டலத்தை மாத்த மறந்திருக்கேன், டெஸ்ட் எழுதும்போதும் அதே மறதியோடதான் எழுதியிருக்கேன். கோடு பக்கமே போகாத ஒரு காகித பில் வந்துதான் என்னை மாட்டிவிட்டுச்சு.

கூபி ஃபோராவுல அந்தக் காகித பில்தான் பன்றிப் பல்.

எப்படித் தப்பாச்சு? கணக்கைப் போட்டுப் பார்த்தா எவ்வளவு நுணுக்கமான வேலைன்னு புரியும். 18.8 லட்சம் வருஷத்துல, ஒரு லட்சம் பொட்டாசியம்-40 அணுவுக்குச் சேர்ந்திருக்கிற ஆர்கான் அணு சுமார் 11. 26.1 லட்சம் வருஷத்துல சுமார் 15. அவ்வளவுதான். மொத்தச் சண்டையும் லட்சத்துல நாலு அணுவைப் பத்தினது. காத்துலயும் ஆர்கான் இருக்கு, அது மாதிரியில ஒட்டிக்கிட்டு வரும், அதையும் கழிக்கணும்.

கலப்படத்தையும் ஒரு கணக்காப் பார்ப்போம். 50 கோடி வருஷப் பழைய துகள் ஒண்ணு கலக்குதுன்னு வெச்சுக்குவோம். அதுல லட்சத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல ஆர்கான் சேர்ந்திருக்கும். அப்படின்னா எண்ணூறு துகளுக்கு ஒரு பழைய துகள் கலந்தாலே போதும், 18.8 லட்சம் 26 லட்சமாத் தெரியும். ஒரு கைப்பிடி அரிசியில ஒரே ஒரு கல்.

கூபி ஃபோராவுல அந்த ஆரம்ப அளவீடுகள்ல இன்னொரு பிரச்சினையும் இருந்துச்சு. ஒரே படலத்து மாதிரிகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாம சிதறிக் கிடந்துச்சு. அந்தச் சிதறலுக்குப் பின்னாளில பாறை சூடேறி ஆர்கான் கசிஞ்சிருக்கலாம்னு விளக்கம் கொடுத்து, மேல் பக்கத்து எண்ணை உண்மையான வயசா எடுத்துக்கிட்டாங்க. பிளவுத்தட முறையிலயும், கீறல் எது, படிகத்துல இயல்பாவே இருக்கிற குறை எதுன்னு கண்ணால பிரிக்கணும். இளம் பாறையில கீறல் குறைவு, அதனால நாலஞ்சு தப்பா எண்ணினாக்கூட வயசு எகிறிடும். அணு பொய் சொல்லல. எந்த மாதிரியை எடுக்கிறது, எதைக் கீறல்னு எண்ணுறது, எந்த எண்ணை நம்புறதுங்கிறதெல்லாம் மனுஷன் முடிவு பண்றது.

இதுல எனக்குப் பெரிய பாடமா தெரிஞ்சது அந்த "கூட்டியோ குறைச்சோ". 26.1, கூட்டியோ குறைச்சோ 2.6. அப்போ குறைஞ்ச பட்சம் 23.5. உண்மையான விடை 18.8 அதுக்குள்ளகூட வரல. அந்தக் குறி சொல்றது கருவியோட நடுக்கத்தை மட்டும்தான். தப்பான மாதிரியைக் கொடுத்தா, அதையும் துல்லியமா அளந்து கொடுக்கும்.

எப்படி முடிஞ்சுது

1977ல டிம் வைட்டும் ஜான் ஹாரிஸும் ஆப்பிரிக்கப் பன்றிகளை மொத்தமா மறுபடி ஆராய்ஞ்சு சயின்ஸ் இதழ்ல எழுதினாங்க. ஹாரிஸ் கென்யா அருங்காட்சியகத்துக்காரர், லீக்கியோட பக்கம்னு சொல்லலாம். அவங்களும் சின்ன வயசு பக்கம்தான் வந்து நின்னாங்க. இன்னொரு பக்கம் தூரே செர்லிங்கும் ஃபிராங்க் பிரவுனும் சாம்பலோட ரசாயனக் கலவையைக் கைரேகை மாதிரி ஒப்பிட்டாங்க. கே.பி.எஸ். படலமும் ஓமோவுல இருந்த ஒரு படலமும் ஒரே எரிமலை வெடிப்புல வந்ததுன்னு காட்டினாங்க. ஒரே நாள் பேப்பர், ரெண்டு வீட்டுல.

1980ல ஆஸ்திரேலியாவுல இயன் மெக்டூகல் சாம்பல்ல கிடந்த நுரைக்கல்லை, அதாவது பாதம் தேய்க்கிற ப்யூமிஸ் கல் இருக்கே அது மாதிரி, எடுத்து அதுக்குள்ள இருந்த படிகங்களை அளந்தார். எரிமலை நுரைக்குள்ளயே இருக்கிற படிகம்ங்கிறதால ஆத்து மண் கலக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. விடை 18.9 லட்சம், கூட்டியோ குறைச்சோ 10 ஆயிரம்.

அதே நேச்சர் இதழ்ல இன்னொரு கட்டுரை. எழுதினவர் ஆண்ட்ரூ க்ளெடோ. யார் இவர்? 1976ல 24.4ன்னு சொன்ன மூணு பேர்ல ஒருத்தர். அவரே பிளவுத்தட முறையைச் சீர்படுத்தி, மறுபடி எண்ணிப் பார்த்து, 18.7னு எழுதினார். தன்னோட பழைய எண்ணைத் தானே வெட்டினார்.

1981ல மெக்டூகல் இன்னொரு நவீன முறையில மறுபடி அளந்தார். 18.8. அப்போலேர்ந்து அந்த எண் அங்கேயேதான் நிக்குது. 1470 மண்டை ஓட்டுக்கு இப்போ சொல்ற வயசு ஏறக்குறைய 20 லட்சம். பன்றிகள் சொன்ன மாதிரியே.

சித்தப்பாவுக்கு

சித்தப்பா, உங்க கேள்விக்கு என் பதில் இது. வயசு மாறிச்சு, ஒத்துக்கிறேன். ஆனா எப்படி மாறிச்சுன்னு பாருங்க. 20 கோடி, 26 லட்சம், 24 லட்சம், 18.9, 18.7, 18.8. கண்டபடி அலையல. ஒரு இடத்தை நோக்கி வந்து, அங்க நின்னுடுச்சு. பொட்டாசியம், யுரேனியக் கீறல், சாம்பலோட ரசாயனம், பன்றிப் பல்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு சாட்சி ஒரே பதிலைச் சொன்னதுக்கு அப்புறம்தான் நின்னுச்சு. நான் நம்புறது எந்த ஒரு எண்ணையும் இல்ல, அந்த நாலு சாட்சியையும் கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ண அந்த வழக்கத்தை.

அதனால அடுத்த தடவை "இத்தனை லட்சம் வருஷப் பழைய ஃபாசில்"னு செய்தி பார்த்தா மூணு கேள்வி கேளுங்க. அளந்தது ஃபாசிலையா, பக்கத்துப் படலத்தையா? எந்த அணு, அதோட அரை ஆயுட்காலம் இந்த வயசுக்கு ஒத்து வருதா? வேற முறையில யாராவது சரிபார்த்தாங்களா? முதல் ரெண்டு கேள்வியை நான் கேட்டிருந்தாலே மூணு வாரத்துக்கு முன்னாடி அசிங்கப்பட்டிருக்க மாட்டேன்.

அந்த டைனோசர் எபிசோடை நான் நீக்கல. தப்பான வரி அப்படியே இருக்கு, ஆரம்பத்துல ஒரு நிமிஷத் திருத்தம் சேர்த்திருக்கேன். வாய்ஸ் நோட் அனுப்பின தங்கச்சிக்கு இந்த எபிசோடை வெளியிடுறதுக்கு முன்னாடியே அனுப்பி, கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ரெண்டு இடத்துல திருத்தம் சொன்னாங்க. ரெண்டையும் இந்தத் தடவை தேடிப் பார்த்து வாதாடாம மாத்திட்டேன். சரி, ஒண்ணுக்கு மட்டும் பத்து நிமிஷம் தேடினேன்.

இதுலயும் ஏதாவது தப்பு இருந்தா எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.